வி-கிராஸ்க்கு லெவலிங் கிட் போட்டப்புறம் ஷாக் மாத்துன கதை

நம்ம இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப்க்கு முன்பக்கத்த தூக்கி பின்பக்கத்தோட சமமாக்குற லெவலிங் கிட், அதாவது முன் ஸ்பிரிங் மேல வைக்கிற ஸ்பேசர் துண்டு போட்டு, 2 இஞ்ச் தூக்கி ஒரு வருஷம் ஓட்டுனேன், பழைய ஷாக் அப்சார்பரையே விட்டுட்டேன், அதான் நான் பண்ண தப்பு. மணலி பக்கம் கன்டெய்னர் லாரி ஓடி ஓடி குழி விழுந்த ரோட்ல ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்குனா முன்னாடி 'டொக்'குனு ஒரு சத்தம் வரும், சக்கரம் கீழ தொங்குறப்போ ஷாக் முழுசா நீண்டு இடிக்குது. ஒருநாள் குனிஞ்சு பாத்தா ஷாக் உடம்பெல்லாம் ஆயில் கசிஞ்சு எண்ணூர் தூசி கருப்பா பூசுன மாதிரி ஒட்டிருக்கு.

ராயபுரத்துல ஒரு சின்ன கடை, அந்த அண்ணன் உடனே விக்கல, "எவ்ளோ தூக்கிருக்க, பின்னாடி லோடு ஏத்துவியாப்பா"ன்னு கேட்டுட்டு டேப் வச்சு அளந்தாரு. ஸ்பேசர் 1 இஞ்ச் தடிமன்தான், ஆனா சக்கரத்த பிடிச்சிருக்குற கீழ் ஆர்ம் நீளத்தால சக்கரத்துகிட்ட 2 இஞ்ச் வருதுன்னு காட்டுனாரு, எனக்கு அப்போதான் புரிஞ்சுது. அமெரிக்கால பிக்கப்க்கு போடுற பில்ஸ்டீன் 5100 மாதிரி ஷாக்லயே ஸ்பிரிங்க மேல ஏத்தி வச்சு ஹைட் கூட்டுற பள்ளம் இருந்தா ஸ்பேசர கழட்டணும், ரெண்டும் சேத்து போடவே கூடாதாம்.

ஸ்பேசர கழட்டிட்டு நைட்ரஜன் நிரப்புன மோனோடியூப் (ஒரே குழாய் உள்ள) ஷாக், அந்த ஹைட்டுக்குன்னே வர்ற செட் போட்டாச்சு. பின்னாடி லீஃப் ஸ்பிரிங், தூக்கவே இல்ல, அதனால ஸ்டாக் நீளமே போதும். அப்புறம் வீல் அலைன்மென்ட் கண்டிப்பா பண்ணுங்க, இல்லனா டயர் ஒரு ஓரமா தேயும்.

இப்ப சத்தம் சுத்தமா இல்ல, பிரேக் அடிச்சா மூக்கு குத்துறதும் நின்னுடுச்சு. காலி வண்டில கொஞ்சம் இறுக்கமாதான் இருக்கு. கடைக்கு 5க்கு 5, கண்ண மூடிட்டு போலாம்.