அஞ்சு வருஷம் ஒரே கயிறு: நம்ம வேலூர் பாறைக்கு எது தாங்குச்சு

மொதல்லயே சொல்லிடுறேன், பாறை ஏறுறதுல நான் பெரிய க்ளைம்பர்லாம் கிடையாது. வீடு சத்துவாச்சாரி, வேலை காட்பாடி பக்கம், ஞாயித்துக்கிழமை ஆனா நாலு பேரு சேந்து கணியம்பாடி தாண்டி ஒரு பாறையில தொங்கிக்கினு இருப்போம், வருஷத்துக்கு ரெண்டு மூணு தபா ரயிலேறி பெங்களூர் போய் அங்கேர்ந்து ராமநகரம், அவ்ளோதான். ஆனா 2019ல வாங்குன ஒரு கயித்த அஞ்சு வருஷம் வச்சு தேய்ச்சிருக்கேன், எத்தனை நாள் எடுத்துட்டு போனேன்னு ஒரு பழைய டைரியில குறிச்சும் வச்சிருக்கேன், அந்த தைரியத்துலதான் எழுதுறேன்.

அதுக்கு முன்னாடி வாங்குன கயித்தோட கதைய சொல்லணும், ஏன்னா புதுசா வர்ற எல்லாரும் அதே குழியிலதான் விழறாங்க. கயிறு வாங்கணும்னு வீட்ல சொன்னதும் மாமா "இன்னாத்துக்குடா ஆயிரக்கணக்குல துட்டு, லாங் பஜார்ல கெணத்துக் கயிறு கெடைக்குது, ஒரு மாட்டையே தூக்கலாம்"னாரு. அந்த அளவுக்கு முட்டாள் இல்ல நானு, ஆனா கிட்டத்தட்ட அதேதான் பண்ணேன். கட்டடத்துக்கு கண்ணாடி தொடைக்கிறவங்ககிட்டேர்ந்து வந்ததுன்னு ஒருத்தர் பழைய 11 எம்எம் கயிறு ஒண்ணு 2,500 ரூபாய்க்கு குடுத்தாரு, தடியா இருக்கு, கெட்டியா இருக்கு, வெலயும் கம்மி, வேற என்ன வேணும்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

அது ஸ்டாடிக் கயிறு. பளு தூக்க, கயித்துல எறங்க, ஒருத்தர காப்பாத்தி மேல இழுக்க அது சூப்பர், கிட்டத்தட்ட நீளவே நீளாது. ஆனா விழறதுக்கு நீளாத கயிறு எமன். மேல ஆங்கர் போட்டு, அதாவது உச்சியில கயித்துக்கு ஒரு புடிமானம் கட்டிட்டுத்தான் ஏறுனோம், பிலே புடிச்சவன், அதாவது கீழ நின்னு கயித்த புடிக்கிறவன், கொஞ்சம் லூசு விட்டுட்டான், நான் ஒரு மீட்டர்தான் வழுக்கியிருப்பேன், அதுக்கே இடுப்புல ஒலக்கையால போட்ட மாதிரி ஒரு வெட்டு, ரெண்டு நாள் குனிய முடியல. அந்த ஒரு மீட்டர் அஞ்சு மீட்டரா இருந்து, மேல எதுவும் கட்டாம கயித்த கீழேர்ந்தே இழுத்துக்கினு நான் லீட் ஏறிக்கினு இருந்திருந்தா இத எழுத இருந்திருக்க மாட்டேன்.

அதுக்கப்புறம்தான் உக்காந்து படிச்சேன். ஏறுறதுக்கு வேண்டியது டைனமிக், விழுந்தா நீண்டு அடிய வாங்கிக்கிற கயிறு, அதோட ஸ்டாண்டர்ட் ஈஎன் 892. ஸ்டாடிக்குக்கு ஈஎன் 1891. கயித்து முனையில ஒட்டியிருக்குற பட்டையிலயே இது இருக்கும், வட்டத்துக்குள்ள 1 போட்டிருந்தா சிங்கிள், அதாவது ஒத்தக் கயிறா வச்சு ஏறலாம், ½ போட்டிருந்தா ரெண்டு கயிறா சேத்துதான் யூஸ் பண்ணணும். பட்டையே இல்லன்னா வாங்காதீங்க, பேச்சே கெடையாது.

சரி, அந்த டப்பா மேல "8 ஃபால்"னு போட்டிருக்கும் பாருங்க, நெறைய பேரு எட்டு தடவ விழுந்தா கயிறு காலின்னு நெனைக்கிறாங்க, நானும் நெனச்சேன். அது லேப் கணக்கு. 80 கிலோ எடைய கட்டி, ரொம்ப கம்மி கயித்துல ரொம்ப தூரம் விழ வச்சு, கிட்டத்தட்ட 1.77 ஃபால் ஃபேக்டர்ல, திரும்பத் திரும்ப போடுவாங்க, சிங்கிள் கயிறு கொறஞ்சது அஞ்சு தடவ தாங்கணும். ஃபால் ஃபேக்டர்னா விழுந்த தூரத்த வெளிய விட்ட கயித்து நீளத்தால வகுக்குறது, நாம சாதாரணமா விழறது அதுல கால்வாசி கூட வராது. அதனால 7 ஃபாலா 9 ஃபாலான்னு பாத்து மண்டைய ஒடச்சிக்க வேணாம்.

நம்ம ஊர் கயித்த கொல்றது விழறது இல்ல, பாறை. இங்க இருக்குற பாறைய தடவி பாத்திருப்பீங்க, உப்புக்காகிதம் மாதிரி, கல்லுல இருக்குற சின்னச் சின்ன படிகம் எல்லாம் தனித்தனியா கைய கிழிக்கும். கயித்துக்கு உள்ள கோர், வெளிய ஷீத், ரெண்டு பாகம், இந்த மாதிரி கயித்த 1953ல ஜெர்மனிக்காரன் எடல்ரிட் கம்பெனி கொண்டாந்தான். பாரத்துல பெரும்பங்கு கோர் தாங்குது, ஆனா பாறைகிட்ட அடி வாங்குறது ஷீத்துதான். அதனால நான் கடைசியா முடிவு பண்ணது ஒரே விஷயம், கயித்து எடையில ஷீத் எத்தனை சதவீதம்னு பாரு. 40க்கு மேல இருந்தா நம்ம பக்கத்துக்கு நல்லது. 9.2, 9.0ன்னு மெலிசா வர்றதெல்லாம் நெறைய தூரம் தூக்கிக்கினு மலை ஏறுறவனுக்கு, வெலையும் ஜாஸ்தி, சீக்கிரம் தேயும். நான் எடுத்தது 10 எம்எம், 60 மீட்டர், ட்ரை ட்ரீட்மெண்ட் இல்லாதது. மழையிலயும் பனியிலயும் தண்ணி உறிஞ்சாம இருக்கத்தான் அந்த ட்ரீட்மெண்ட், பாலாத்துலயே தண்ணிய பாத்து எவ்ளோ நாள் ஆச்சு, எனக்கு எதுக்கு. அங்க கொஞ்சம் காசு மிச்சம். பிலே புடிக்கிறதுக்கு நாங்க வச்சிருக்குற கிரிகிரிங்கிற கருவி 8.5லேர்ந்து 11 எம்எம் வரைக்கும் எடுக்கும், 10 எம்எம் அதுல வழுக்காம நிக்கும், கை நடுங்குற புது ஆளுங்க பிலே புடிக்கும்போது எனக்கு அந்த நிம்மதி வேணும்.

வெல எனக்கு 11,400 ஆச்சு. அம்மாகிட்ட நாலாயிரம்னு சொன்னேன்.

இப்போ அஞ்சு வருஷத்துல என்ன ஆச்சுன்னு பாப்போம். மொத நாலு மாசத்துலயே ஷீத் மேல முடி முடியா எழும்பிடுச்சு, பதறிட்டேன், ஆனா அது அதுக்கு மேல போகல, அந்த முடியே ஒரு மெத்த மாதிரி ஆகி உள்ள இருக்குற நூல காப்பாத்துதுன்னு தோணுது. உண்மையான சேதம் வேற எடத்துலேர்ந்து வந்துது, ஆங்கர். பாறைக்கு மேல மரத்துலயோ பெரிய குண்டுக் கல்லுலயோ கட்டிட்டு, கயிறு ஓடுற கொக்கி வளையமான கேராபினர விளிம்புக்கு உள்ளயே விட்டுட்டோம்னு வைங்க, கயிறு விளிம்புலயே அறுபட்டுக்கினு ஓடும், ஒரே மத்தியானத்துல ஒரு அடி நீளத்துக்கு நான் வழவழன்னு பளபளன்னு ஆக்கிட்டேன். அதுலேர்ந்து புது ஸ்டாடிக் கயிறு ஒரு 20 மீட்டர் தனியா வாங்கி ஆங்கருக்கு மட்டும் வச்சிருக்கேன், கேராபினர் விளிம்புக்கு கீழ ஒரு முழம் தொங்குற மாதிரி எறக்கிடுவோம். ஏறுற கயிறு கல்ல தொடவே கூடாது. ஆங்கர் கயிறு விளிம்புல படுற எடத்துக்கு மொதல்ல கோணிப்பை, அப்புறம் ஜீன்ஸ் கால், இப்போ ஆம்பூர்ல ஷூ கம்பெனியில இருக்குற சேக்காளி குடுத்த தடி தோல், கயிறு நேரா தோல்ல படாம நடுவுல கித்தான் வச்சு தச்சது. பத்து பைசா செலவு இல்ல, கயித்தோட ஆயுச கூட்டுனதுல இதுக்குத்தான் மொத மார்க்கு.

இன்னொண்ணு, கயித்த நேரா ஸ்லிங்குல, அதாவது ஆங்கர்ல மாட்டுற நைலான் பட்டையில, விட்டு எறக்காதீங்க. புதுசா வந்த தம்பி ஒருத்தன் கேராபினர் பத்தலன்னு அப்டி கோத்துட்டான், நல்லவேளை யாரும் தொங்கறதுக்கு முன்னாடி பாத்தோம். நைலான் மேல நைலான் ஓடுனா சூட்டுல ஸ்லிங் உருகி அறுந்துடும், கயிறு ஓடிக்கினே இருக்கும் ஸ்லிங் ஒரே எடத்துல தேயும் இல்லியா, அதான்.

கழுவுறது வருஷத்துக்கு மூணு தடவ. பெரிய டப்புல பச்சத் தண்ணி, லேசா குளிக்கிற சோப்பு, ப்ளீச்சு சோடா எதுவும் கெடையாது, மொதத் தண்ணி செம்மண்ணு வெள்ளம் மாதிரி வரும், நாலாவது தண்ணியிலதான் தெளியும். ஷீத்துக்குள்ள பூந்த மண்ணுதான் உள்ளயே இருந்து அறுக்குது, அதனால இத சோம்பேறித்தனம் பண்ணாதீங்க. காய வைக்கிறது நெழல்ல, நம்ம ஊரு மே மாச வெயில்ல மாடியில போட்டா நைலான் வெளுத்து செத்துப்போயிடும். ஒரு தடவ ஹால்ல ஃபேனுக்கு அடியில பரப்பியிருந்தேன், பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பாத்துட்டு "இன்னாப்பா, தேர் இழுக்கப் போறியா"ன்னு கேட்டுட்டு போனாங்க.

மூணாவது வருஷம் ரெண்டு முனையும் தொவண்டு போச்சு, முடிச்சு போடுற எடம், விழுந்தா பாரம் ஏறுற எடம். ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு மீட்டர் வெட்டி, பத்த வச்சு முனைய ஒட்டிட்டேன். வெட்டுனதுக்கப்புறம் அது 56 மீட்டர்னு மூளையில ஏத்திக்கிறதுதான் கஷ்டம், 30 மீட்டர் ரூட்டுல 60ன்னு நெனச்சு எறக்குனா கடைசி நாலு மீட்டர் அந்தரத்துல முடியும், அதனால பிலே பக்கம் முனையில முடிச்சு போடாம யாரையும் ஏற விடுறதில்ல. ஒரு பக்கம் மட்டும் வெட்டுனா நடு மார்க்கும் பொய் சொல்லும், அதான் ரெண்டு பக்கமும் சமமா வெட்டுனேன். ஒவ்வொரு தடவயும் கயித்த சுருட்டும்போது வெரலால மொத்தமும் தடவிப் பாப்பேன், மடிச்சா வளையமா நிக்காம காகிதம் மாதிரி தட்டையா மடங்குற எடம் இருந்தா உள்ள கோர் போச்சுன்னு அர்த்தம். வெள்ளையா கோர் வெளிய தெரிஞ்சா அங்கயே வெட்டு.

டைரி கணக்கு 152 நாள், 2020ல பாதி வருஷம் சும்மா கெடந்ததையும் சேத்து. வகுத்தா நாளைக்கு 75 ரூபா, அத நாலு பேரு பிரிச்சுக்கிட்டா டீயும் போண்டாவும். கம்பெனி தாள்ல மாசத்துல பல தடவ யூஸ் பண்ணா மூணு வருஷம்னுதான் போட்டிருப்பான், அதனால நான் நாலாவது வருஷத்துலேர்ந்து அதுல லீட் ஏறல, மேல ஆங்கர் போட்டு ஏறுற டாப் ரோப் மட்டும்தான். அப்டியும் இழுத்தது கொஞ்சம் பேராசைதான், ஒத்துக்கிறேன்.

அது செத்தது பாறையாலயும் இல்ல. போன வருஷம் மழையில ரூம்ல ஒழுகுதுன்னு தம்பி கயித்துப் பைய தூக்கி மாடிப்படிக்கு கீழ வச்சுட்டான், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஒட்டி. ரெண்டு வாரம் கழிச்சுதான் பாத்தேன். பையில ஒரு கற இல்ல, கயித்துல ஒரு மாத்தமும் இல்ல, தடவிப் பாத்தாலும் புதுசு மாதிரிதான். ஆனா பேட்டரி ஆசிட் பட்ட நைலான் வெளிய ஒண்ணுமே தெரியாம உள்ள மக்கிடும், பிச்சா நூல் மாதிரி வரும்னு படிச்சிருக்கேன், பட்டுச்சா படலயான்னு கண்டுபுடிக்க வீட்ல வழி கெடையாது. ஒரு ராத்திரி பூரா யோசிச்சேன், காலையில கத்திய எடுத்து துண்டு துண்டா வெட்டிட்டேன், யாரும் எடுத்துப்போய் ஏறிடக்கூடாதுன்னு. தம்பி ஒரு வாரம் எங்கிட்ட பேசல, நான்தான் பேசியிருக்கக் கூடாது, இவன் கோச்சுக்குறான்.

புதுசு திரும்பவும் 10 எம்எம், 60 மீட்டர், ட்ரை இல்லாததுதான், பீரோ மேல இருக்கு. பழசுல ரெண்டு துண்ட அம்மா கொடிக்கயிறா கட்டிக்கினாங்க. கட்டுன அன்னிக்கே ஈரப் போர்வைய போட்டுட்டு கூப்ட்டாங்க, "இன்னாடா கயிறு இது, இழுத்து இழுத்துக் கட்டுனாலும் தரைக்கு வருது, இதுக்கா நாலாயிரம் குடுத்த?"