மெயில்கேப்பா, ஜிஐஓவா? இணைப்புக் கோப்பைத் திறக்க எதை நம்புவது

மின்னஞ்சலில் வரும் இணைப்புகளைப் பிரித்து, எந்த வகைக் கோப்போ அதற்கு ஏற்ற நிரலில் திறந்து வைக்க ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். இத்தனை நாளும் அது பைத்தானோடு வந்த மெயில்கேப் மாட்யூலில்தான் ஓடியது; எந்தக் கோப்பு வகையை எந்த நிரலில் திறப்பது என்று எழுதிவைத்த மெயில்கேப் கோப்பைப் படிப்பது அதன் வேலை. அந்த மாட்யூல் கைவிடப்படும் என்று 3.11-இல் சொன்னார்கள், 3.13-இல் எடுத்தே விட்டார்கள். எனக்கு மூன்று வழிகள் இருந்தன: பழைய மாட்யூலை நகலெடுத்து என் ஸ்கிரிப்டோடு வைத்துக்கொள்வது, கோப்பை அதற்குரிய நிரலில் திறக்கும் லினக்ஸ் கட்டளையான எக்ஸ்டிஜி-ஓப்பனைக் கூப்பிடுவது, இல்லையென்றால் லினக்ஸின் க்னோம் திரைச்சூழலுக்கு அடிப்படையான ஜிலிப்போடு வரும், இதே வேலையைச் செய்யும் ஜிஐஓ நூலகம். நான் ஜிஐஓவுக்கு மாறிவிட்டேன்.

எக்ஸ்டிஜி-ஓப்பனில் ஒரே வரியில் வேலை முடியும். ஆனால் திறக்கப்போவது எந்த நிரல் என்பதைத் திறப்பதற்கு முன்பே திரையில் காட்டவேண்டும் என்றால் அதற்கு இன்னொரு கட்டளை வேண்டும். எனக்கு அது தேவைப்பட்டது, அதனால் விட்டுவிட்டேன்.

உண்மையான போட்டி மெயில்கேப்புக்கும் ஜிஐஓவுக்கும்தான். மெயில்கேப் முறை 1993-இல் ஆர்எஃப்சி 1524 என்ற இணைய வரைமுறை ஆவணத்தில் எழுதப்பட்டது: இடது பக்கம் கோப்பு வகை, ஒரு அரைப்புள்ளி, வலது பக்கம் ஓட்டவேண்டிய கட்டளை. பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். பிரச்சினை பராமரிப்பில்தான். வீட்டு அடைவில் இருக்கும் மெயில்கேப் கோப்பு நான் கையால் எழுதியது, அதை நானாகத் திருத்தினால்தான் உண்டு. ஒரு பிடிஎஃப் நிரலை நீக்கிவிட்டு வேறொன்றை நிறுவினேன், பழைய வரி அப்படியே இருந்ததால் ஸ்கிரிப்ட் இல்லாத நிரலையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பொருந்தும் முதல் வரிதான் செல்லும் என்பதால் வரிசையையும் கவனிக்கவேண்டும். அப்புறம், இது மூன்று கணினிகளில் மூன்று கோப்புகள். டெபியன் லினக்ஸில் பொதுக் கோப்பைத் தானாகவே உருவாக்கித் தருகிறார்கள்தான், ஆனால் வீட்டு அடைவில் இருப்பது அதற்கு முன்னால் படிக்கப்படும்.

ஜிஐஓ பக்கம் இந்த வேலையே இல்லை. ஒவ்வொரு நிரலும் தன்னோடு நிறுவப்படும் சிறு விவரக் கோப்பான டெஸ்க்டாப் கோப்பிலேயே எந்தெந்த வகைகளைத் திறக்கும் என்று சொல்லிவிடுகிறது. நிறுவினால் பட்டியலில் சேரும், நீக்கினால் போய்விடும், நான் தேர்ந்தெடுத்த நிரல் இல்லாமல் போனால் பட்டியலில் அடுத்தது வரும். கோப்பு மேலாளரில் 'இனி இதிலேயே திற' என்று சொன்னால் அதே தேர்வு என் ஸ்கிரிப்டுக்கும் வந்துவிடுகிறது. வகைகளுக்குள் இருக்கும் உறவும் அதற்குத் தெரியும். ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) ஸ்கிரிப்டின் வகைப்பெயர் 'அப்ளிகேஷன்' என்று தொடங்கினாலும் அது அடிப்படையில் வெறும் உரைதான் என்று பார்த்து எழுத்துத் தொகுப்பியில் திறக்கிறது. மெயில்கேப்பில் உரை வகைகள் எல்லாவற்றுக்கும் என்று ஒரு பொது வரி எழுதி வைத்தாலும் இது அதில் சிக்காது.

பாதுகாப்பையும் சொல்லவேண்டும். மெயில்கேப் கட்டளைகள் ஷெல் வழியாக ஓடுபவை. யாரோ அனுப்பிய இணைப்பின் பெயர் அந்தக் கட்டளைக்குள் அப்படியே போனால், பெயருக்குள்ளேயே இன்னொரு கட்டளையை ஒளித்து அனுப்ப முடியும். பைத்தானில் இதற்கு ஒரு திருத்தம் வந்தது, ஆபத்தான எழுத்து பெயரில் இருந்தால் பொருத்தமே இல்லை என்று சொல்லிவிடும். இடைவெளியும் அந்தப் பட்டியலில் சேர்த்தி, அதனால் இடைவெளி உள்ள பெயர்கள் எல்லாம் என்னிடம் திறக்காமல் நின்றன. தற்காலிகப் பெயர் கொடுத்துச் சமாளித்தேன். ஜிஐஓ டெஸ்க்டாப் கோப்பின் கட்டளையை ஷெல்லுக்குக் கொடுப்பதில்லை, பெயர் எப்படி இருந்தாலும் அது வெறும் பெயராகவே போகும்.

ஆனால் ஒன்றில் மெயில்கேப்தான் மேல். எஸ்எஸ்ஹெச் என்ற தொலைநுழைவு முறை வழியாக, வரைகலைத் திரை இல்லாத சர்வரில் உட்கார்ந்து மட் என்ற எழுத்துத்திரை அஞ்சல் நிரல் மூலம் அஞ்சல் படிப்பவர்களுக்கு, ஹெச்டிஎம்எல் அஞ்சலை அந்தத் திரையிலேயே உரையாகக் கொட்டிக் காட்ட அதில் ஒரு சொல் சேர்த்தால் போதும். அவர்கள் மாறத் தேவையில்லை.

மாறுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: ஜிஐஓ நிரலைக் கிளப்பிவிட்டு உடனே திரும்பிவிடும். தற்காலிகக் கோப்பை அடுத்த வரியிலேயே அழித்தால் நிரல் திறப்பதற்குள் கோப்பு போய்விடும். நான் ஸ்கிரிப்டை அடுத்த முறை ஓட்டும்போது பழையவற்றை அழிக்கிறேன். க்னோமில் சில மாதங்களாக இப்படித்தான் ஓடுகிறது, கேடிஈ என்ற இன்னொரு திரைச்சூழலில் இரண்டு நாள்தான் பார்த்தேன், அங்கேயும் தொல்லை எதுவும் வரவில்லை.