எழுதியவர் யாரென்று எனக்கும் தெரியாது: செமஃபோர் 4 பற்றி

எங்கள் குடியிருப்பில் 80 வீடுகள். சங்கத்தைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு வார்த்தை எழுதினால் மறுநாள் லிஃப்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால் பாதிப் பேர் வாயே திறப்பதில்லை. பெயர் சொல்லாமல் கருத்து எழுத ஒரு பெட்டி வேண்டும் என்று கேட்டார்கள். நான் புரோகிராம் எழுதுகிறவள் என்பதால் வேலை என்னிடம் வந்தது. அதற்கு நான் எடுத்துக்கொண்டது செமஃபோர் என்ற நூலகத்தின் 4ஆம் பதிப்பு. நூலகம் என்றால் நம் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்தப் புரோகிராம்.

சாதாரண ஆன்லைன் படிவம் இதற்கு உதவாது. லாகின் கேட்டால் பெயர் தெரிந்துவிடும். கேட்காவிட்டால் ஒரே ஆள் இருபது தடவை எழுதலாம், வெளியாட்களும் நுழையலாம். எழுதியவர் இந்த 80 வீட்டில் ஒருவர் என்பது உறுதியாக வேண்டும், எந்த வீடு என்பது மட்டும் யாருக்கும் தெரியக்கூடாது.

கணித உலகில் இது பழைய கேள்விதான். 1991ல் டேவிட் சாமும் வான் ஹெய்ஸ்ட்டும் குழுக் கையெழுத்து என்ற டிஜிட்டல் கையெழுத்து முறையைக் கொண்டுவந்தார்கள். உறுப்பினர் ஒருவர் குழுவின் பெயரால் கையெழுத்திடுவார். தகராறு வந்தால் மட்டும் ஆளைத் திறந்து பார்க்க வழி உண்டு. 2001ல் ரிவெஸ்ட், ஷமிர், டவ்மன் மூவரும் தந்த வளையக் கையெழுத்தில் அந்த வழியே கிடையாது. ஆனால் அதன் அடிப்படை வடிவத்தில், ஒருவரே பத்து தடவை கையெழுத்திட்டாலும் கண்டுபிடிக்க முடியாது.

செமஃபோர் எனக்குப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்: ஆளைக் காட்டாமலே இரண்டாவது தடவையைத் தடுக்க வழி தருகிறது. கறாராகச் சொன்னால் இது கையெழுத்து அல்ல, ரகசியத்தை வெளியிடாமல் தரும் நிரூபணம். எத்தீரியம் என்ற பிளாக்செயினை (பல கணினிகள் பகிர்ந்து வைக்கும் பதிவேடு) வளர்க்கும் எத்தீரியம் ஃபவுண்டேஷன் ஆதரவில் வளர்ந்த இலவச ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். பிளாக்செயின் இல்லாமல் சாதாரண சர்வரிலும் ஓடும். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

ஒவ்வொருவரின் போனிலும் ஒரு ரகசியச் சாவி உருவாகும். அதிலிருந்து கணக்கிட்ட கமிட்மென்ட் என்ற எண் மட்டும் சர்வருக்கு வரும். 80 எண்களும் சேர்ந்து ஒரு மெர்க்கிள் மரம்: எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் வேர் என்ற ஒரே எண்ணில் முடிக்கும் அமைப்பு. எங்கள் அளவுக்கு அதன் ஆழம் 7 படி. கருத்து எழுதும்போது, 'இந்த மரத்தில் என் எண்ணும் இருக்கிறது' என்ற நிரூபணத்தைப் போன் தயாரிக்கிறது. எந்த எண் என்று அதில் இல்லை. முதல் தடவை சில கோப்புகள் இறங்குவதால் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பி பிளாக்கில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இருக்கிறார். "ஏம்மா, எல்லாரையும் பதிவு செஞ்சது நீதானே? நான் எழுதினா உனக்குத் தெரிஞ்சிடாதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. சர்வரில் சேர்ந்திருந்த ஒரு வரியை அப்படியே லேப்டாப்பில் திறந்து காட்டினேன். செய்தி, கேள்வியின் அடையாளமான ஸ்கோப், மரத்தின் வேர் எண், நல்லிஃபையர் என்ற நீண்ட எண், நிரூபணத்தின் எட்டு எண்கள். "இதுல எந்த வீடுன்னு சொல்லுங்க அங்கிள்" என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் பார்த்தார். அப்புறம் தன் போனில் அதே கேள்விக்கு இரண்டு தடவை பதில் அனுப்பினார். இரண்டாவது நிராகரிக்கப்பட்டது. "அப்ப நான்தான்னு அதுக்குத் தெரியுதே!"

அது அவரை அடையாளம் கண்டதால் நடந்தது அல்ல. ரகசியச் சாவியையும் ஸ்கோப்பையும் சேர்த்து ஹேஷ் செய்ததுதான், அதாவது திருப்பிக் கண்டுபிடிக்க முடியாதபடி ஒரே எண்ணாக மாற்றியதுதான் நல்லிஃபையர். அதே ஆள், அதே கேள்வி என்றால் அதே எண் வரும், சர்வர் மறுத்துவிடும். சாவி என்னிடம் இல்லாததால் அந்த எண் யாருடையது என்று என்னால் கணக்கிட முடியாது. அடுத்த கேள்விக்கு ஸ்கோப் மாறும், எண்ணும் மாறும். ஒருவரின் இரண்டு பதில்களைக்கூட இணைக்க முடியாது. திறந்து பார்க்கும் அதிகாரம் சங்கச் செயலாளருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. எங்களைப் போன்ற இடத்துக்கு இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திறக்க ஒருவரால் முடியும் என்றால் மக்கள் அந்த ஒருவருக்குப் பயப்படுவார்கள்.

குறைகளும் உண்டு. செய்தியை எழுத்துகளாகவே கொடுத்தால் 32 பைட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஆங்கிலத்துக்கே அது ஒரு சின்ன வாக்கியம்தான். தமிழில் புள்ளி, கொம்பு உட்பட ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். 'தண்ணீர் வரவில்லை' என்பதே 46 பைட்! அதனால் முழுச் செய்தியின் ஹேஷை மட்டும் நிரூபணத்தில் வைத்து, செய்தியைத் தனியாகச் சேமிக்கிறேன்.

இன்னொன்று இதைவிட முக்கியம். நிரூபணத்தைச் சரிபார்க்கும் ஃபங்ஷன் கணிதம் சரியா என்று மட்டும்தான் பார்க்கும். வேர் எண் நம் குழுவினுடையதா, ஸ்கோப் இந்தக் கேள்விக்கானதா, நல்லிஃபையர் ஏற்கெனவே வந்ததா என்று பார்க்கும் புரோகிராமை நாம்தான் எழுத வேண்டும். சர்வரில் ஓட்டுகிறவர்கள் இதை விட்டால், எவரும் தனக்கென ஒரு குழு உருவாக்கி உள்ளே வந்துவிடலாம். ஆவணங்களின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட வேண்டிய விஷயம் இது.

கணிதம் காப்பாற்றாத இடங்களும் இருக்கின்றன. எந்த இணைப்பிலிருந்து வந்தது என்று காட்டும் ஐபி முகவரியைச் சர்வர் பதிவு செய்தால் எல்லாம் வீண். அந்தப் பதிவை அணைத்துவிட்டேன். இரவு பதினோரு மணிக்கு ஜெனரேட்டர் சத்தம் பற்றி ஒரு கருத்து வந்தால், பக்கத்தில் இருக்கும் நான்கு வீட்டில் ஒன்று என்று யாரும் ஊகிக்கலாம். எனவே கருத்துகளைச் சேர்த்து வைத்து, வரிசையைக் கலைத்து, ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக வெளியிடுகிறோம்.

போன் தொலைந்தால் சாவியும் போச்சு. மீட்க வழியில்லை, புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்போது அதைச் செய்தால் அந்த ஆளுக்கு இரண்டு ஓட்டு கிடைத்துவிடும். ஆகவே கேள்வி முடிந்த பிறகுதான் பழைய எண்ணை நீக்கிப் புதியதைச் சேர்க்கிறேன். அடுத்து வரும் கேள்வி பராமரிப்புக் கட்டண உயர்வு பற்றியது. போன் மாற்றியவர்கள் அதற்குமுன் என்னிடம் வந்துவிடுங்கள் என்று நோட்டீஸ் போர்டில் எழுதியிருக்கிறேன்.