‘எர்கோனமிக்’ நாற்காலி, மேஜை என்று 34,800 ரூபாய் போச்சு: எல்லை தாண்டி வாங்குகிறவர்கள் படியுங்கள்

“கேரளா டெலிவரிக்கு நாங்க பொறுப்பு இல்லீங்க.” நேற்று சாயங்காலம் அந்தக் கோயம்புத்தூர் பர்னிச்சர் கடையிலிருந்து வந்த கடைசிப் பதில் இது. 34,800 ரூபாயை ஜிபேயில் வாங்கும்போது நான் கேரளா என்பது அவர்களுக்குத் தெரியாதாம்.

நான் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலை, கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்கு, வீட்டிலிருந்தபடியே. ஜிஎஸ்டி ரிட்டர்ன், டேலி என்ட்ரி எல்லாம் லேப்டாப்பில்தான். மாதம் 20-ஆம் தேதி நெருங்கினால் எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இருக்காது. கொரோனா சமயத்தில் வாங்கிய பிளாஸ்டிக் சேரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். கழுத்திலிருந்து வலது தோள் வரை பிடித்து இழுக்க ஆரம்பித்ததும் பிசியோதெரபிஸ்டிடம் போனேன். உட்காரும் இடத்தைச் சரி செய்யாமல் எண்ணெய் தேய்த்துப் பிரயோஜனமில்லை என்று அவர் சொல்லிவிட்டார். சரி, செலவானாலும் ஒரே தடவையாக ஒழுங்காகச் செய்துவிடலாம் என்றுதான் கோயம்புத்தூருக்குப் போனேன். எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் தாண்டினால் பஸ்ஸில் நேராகப் போய்விடலாம். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரிய சாமான் என்றாலே கோயம்புத்தூர்தான்.

கடைப் பெயரை எழுதப் போவதில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். வெறும் நாற்காலிக் கடை இல்லை. “வேலையிடம், வீடு இரண்டுக்கும் எர்கோனமிக் தீர்வு” (அதாவது உடம்புக்கு ஏற்றபடி சாமானை அமைத்துத் தருவது) என்று போர்டு வைத்து, ஏசி போட்டு, சுவரில் முதுகெலும்புப் படம் எல்லாம் மாட்டி வைத்திருக்கும் ரகம்.

நான் நம்பிய இடத்தைச் சொல்கிறேன். ஏனென்றால் அந்த விற்பனைப் பையன் ஒன்றும் தெரியாதவன் இல்லை. எல்லாம் தெரிந்தவன்.

என் உயரம் நாலடி பதினோரு அங்குலம். ஒரு மெஷ் (வலைத்துணி) சேரில் உட்காரச் சொன்னான். “நல்லா பின்னாடி ஒட்டி உக்காருங்கக்கா. இப்ப முட்டிக்குப் பின்னாடி, சீட் நுனிக்கும் காலுக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல வெச்சுப் பாருங்க.” வைத்துப் பார்த்தேன், ஒரு விரல்கூடப் போகவில்லை. சீட் நுனி காலின் பின்பக்கம் அழுத்திக்கொண்டிருந்தது. “இதுனாலதான்க்கா கால் மரத்துப் போகுது” என்று சொல்லிவிட்டு, சீட்டுக்கு அடியில் இருந்த ஒரு லீவரை இழுத்தான். சீட் சர்ரென்று பின்னால் போனது. மூன்று விரல் தாராளமாகப் போனது. எத்தனை வருடம் எத்தனை நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், என் உடம்புக்கு என்று ஒரு நாற்காலி நகர்ந்துகொடுத்தது அன்றைக்குத்தான். அந்த நிமிஷத்திலேயே மனசு ஒப்புக்கொண்டுவிட்டது.

அதோடு விட்டானா? டேப்பை எடுத்துத் தரையிலிருந்து என் முழங்கை வரை அளந்தான். 61 சென்டிமீட்டர். “கடைல விக்கிற மேஜையெல்லாம் 75 சென்டிமீட்டர்க்கா. நல்லா வளந்த ஆம்பளைங்களுக்குத்தான் அது செட் ஆகும். நீங்க அதுல டைப் பண்ணா தோளைத் தூக்கித் தூக்கித்தான் பண்ணணும், அதான் கழுத்துல புடிக்குது.” அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. முழங்கை மட்டத்துக்கு மேஜை வரவேண்டும், பாதம் முழுசாகத் தரையில் பதியவேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்க என் போன்ற உயரத்துக்கு மேஜை இறங்கியே ஆகவேண்டும். கைப்பிடி சுற்றி உயரம் மாற்றும் மேஜை ஒன்றைக் காட்டினான்.

அப்புறம்தான் பேக்கேஜ். நாற்காலி, மேஜை, கால் வைக்கும் பலகை. அதோடு ஆள் வீட்டுக்கே வந்து லேப்டாப் உயரம், வெளிச்சம், உட்காரும் விதம் எல்லாம் செட் செய்து தருவார். கிச்சன் மேடையையும் பார்ப்பாராம். எங்கள் அத்தை இன்னும் அரிவாள்மணையில் உட்கார்ந்துதான் காய் நறுக்குவார், எழுந்திருக்கும்போது முழங்கால் வலி உயிர் போகும். “அதுக்கும் வழி சொல்லுவோம்க்கா, மேடை முழங்கைக்குக் கொஞ்சம் கீழ இருக்கணும்” என்றான். மொத்தம் 34,800. இன்றைக்குக் கட்டினால்தான் இந்த ரேட். கட்டினேன்.

குட்டியானையில் சாமான் வந்து இறங்கியது. டிரைவர் வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். மாட்டித் தரும் ஆள் “பின்னாடி வர்றாங்க” என்றார். பின்னாடி இன்றுவரை யாரும் வரவில்லை. வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுத் தம்பியும்தான் ஸ்க்ரூ முடுக்கினார்கள்.

அதே கறுப்பு மெஷ். அதே கைப்பிடி. அட்டையை எடுத்துவிட்டு உட்கார்ந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினால் லீவர் ஒன்றே ஒன்று. உயரம் ஏற்றி இறக்க மட்டும். சீட் நகராது. முட்டிக்குப் பின்னால் விரல் வைத்தேன், போகவில்லை. இடுப்பு வளைவில் தாங்கவேண்டிய பிளாஸ்டிக் தகடு எனக்கு விலா எலும்புக்கு நேராக வந்து குத்துகிறது, அதைக் கீழே இறக்கவும் முடியாது. மேஜையை அளந்தேன். 75 சென்டிமீட்டர். நாலு காலும் வெல்டிங். சுற்றுவதற்குக் கைப்பிடியே கிடையாது. கால் பலகை வரவே இல்லை.

அதாவது அவன் வாயாலேயே எனக்கு ஆகாது என்று அளந்து சொன்ன இரண்டு சாமானையும் எனக்கே அனுப்பியிருக்கிறார்கள். 34,800 ரூபாய்க்கு!

போன் செய்தால் முதலில் “ஸ்டாக் இல்லீங்கக்கா, இதுவும் அதே ரேஞ்ச்தான்.” அடுத்து, “உடம்பு செட் ஆகக் கொஞ்ச நாள் ஆகும்க்கா, யூஸ் பண்ணிப் பாருங்க.” மேஜை உயரத்துக்கு நாற்காலியை ஏற்றினால் கால் தரையில் படாமல் தொங்குகிறது, அதற்கு உடம்பு எப்படி செட் ஆகும், கால் வளருமா? இதற்கிடையில் நாற்காலி தானாக இறங்க ஆரம்பித்தது. காலையில் ஏற்றி வைத்தால், மதியம் கிளையண்டோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும்போது என் முகம் மெல்ல மெல்லத் திரையில் கீழே போகிறது. நடுவில் இருக்கும் காஸ் சிலிண்டரில் அழுத்தம் நிற்கவில்லை என்று அர்த்தம். கடையில் “கிளாஸ் 4 சிலிண்டர்”, அதாவது உறுதியில் மேல் ரகம், என்று பெருமையாகச் சொன்னார்கள். வந்ததைக் கவிழ்த்துப் பார்த்தால் அதில் எழுத்தும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. இதைச் சொன்னதற்கு வந்த பதில்: “உங்க வீட்டுத் தரை லெவலா இருக்கான்னு பாருங்க.”

வீட்டுக்கு வருவதாகச் சொன்ன நிபுணர்? வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நேராக உட்கார்ந்திருக்கும் ஒரு வெள்ளைக்கார பொம்மை, 90 டிகிரி என்று மூன்று இடத்தில் கோடு. அதுதான் விசிட்டாம்.

சர்வீஸுக்கு என்று பாலக்காட்டில் ஒரு நம்பர் கொடுத்தார்கள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். “சேச்சி, இது கோயம்புத்தூர் பில் அல்லே, எனிக்கு இதில் ஒன்னும் செய்யான் பற்றில்லா” என்றார். அவரால் ஒன்றும் செய்ய முடியாதாம். மறுபடி கோயம்புத்தூருக்கு அடித்தால் “கேரளா ஏரியா பாலக்காடுதாங்க பாக்கணும்.” ஓனர் எப்போதும் வெளியூர். நடுவில் என் 34,800.

பில்லைக் கையில் எடுத்து நிதானமாகப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. நாள் முழுக்க பில் பார்க்கிறவளுக்கே இப்படி ஒரு பில்! “ஆபீஸ் சேர் 1, டேபிள் 1” அவ்வளவுதான், மாடல் பெயர் இல்லை. என் கேரள முகவரி இல்லை. கேரள முகவரி போட்டிருந்தால் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சாமானுக்கான வரி, வந்திருக்கவேண்டும். இவர்கள் ஒரே மாநிலத்துக்குள் விற்றால் போடும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துப் போட்டு, நான் கடையிலேயே கையில் வாங்கிக்கொண்டு போன மாதிரி அடித்திருக்கிறார்கள். வரி இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் சாமான் அவர்கள் கடையோடு முடிந்துவிட்டது என்று பேச இந்தக் காகிதம் வசதி. அதைத்தான் நேற்று பேசினார்கள். “நீங்க பாத்து எடுத்துட்டுப் போனதுங்க, பிரிச்ச பொருளை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்.”

என் அதிர்ஷ்டம், அந்தப் பையன் காட்டிய சேரின் லீவரையும் சுற்றும் மேஜையையும் வீட்டுக்காரருக்குக் காட்டப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன். தேதியோடு இருக்கிறது. அதை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டேன். இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. எனக்குப் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. “கேரளா எங்களுக்கு இல்லீங்க” என்பதெல்லாம் அங்கே செல்லாது.

வாங்கும்போது என்னென்ன பார்க்கவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

பில்லில் மாடல் பெயர், உங்கள் முகவரி, சீட் நகருமா, மேஜை இறங்குமா என்பது வரை எழுதி வாங்குங்கள். டெலிவரி வந்து, உட்கார்ந்து விரல் வைத்துப் பார்த்த பிறகு மீதிப் பணம். பிஃப்மா ஸ்டிக்கரைக் காட்டினால் மயங்காதீர்கள், அது அமெரிக்க பர்னிச்சர் தயாரிப்பாளர் சங்கத்தின் தர அளவு, நாற்காலி உடையாமல் தாங்குமா என்பதற்கான சோதனை. உங்கள் உயரத்துக்குப் பொருந்துமா என்பது அதில் வராது. குள்ளமானவர்கள் மேஜையைத்தான் முதலில் அளக்கவேண்டும்.

இப்போதைக்கு முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து முன்னால் நகர்ந்து உட்கார்கிறேன், காலுக்கு அத்தையின் பழைய மணைகளை அடுக்கியிருக்கிறேன். தனி கீபோர்டு வாங்கி லேப்டாப்பைப் புத்தகங்கள் மேல் தூக்கி வைத்ததில் கழுத்து கொஞ்சம் தேவலை. அதற்கு ஆன செலவு 600 ரூபாய்.

இதே கடை மாதிரி ஏதாவது இடத்தில், “வீட்டுக்கு வந்து செட் பண்ணித் தர்றோம்” என்ற பேச்சில் பணம் கட்டிய பாலக்காடு, சித்தூர் பக்கத்து ஆட்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். பில் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன், அது என் தொழில்தானே. கடைப் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.