பாளையங்கோட்டைச் சிலம்ப வகுப்பில் வேகப் பயிற்சிகள்: ஒரு மதிப்பீடு

பாளையங்கோட்டையில் மாலை வேளைகளில் நடைபெறும் ஒரு சிலம்ப வகுப்பில் என் மகள் பயின்று வருகிறாள். வேகத்தையும் உடனுக்குடன் எதிர்வினை ஆற்றும் திறனையும் வளர்க்க அங்கே தரப்படும் பயிற்சிகளைப் பற்றி மட்டும் இங்கு எழுதுகிறேன். பிள்ளைகளைச் சேர்க்க விரும்பும் பெற்றோர் முதலில் விசாரிப்பது அதைத்தான்.

கைதட்டல் ஒலிக்குத் துள்ளி விலகுதல், தோளுயரத்திலிருந்து விடப்படும் டென்னிஸ் பந்தை அது இரண்டாம் முறை தரையில் படுமுன் பிடித்தல் ஆகியவை தொடக்கப் பயிற்சிகள். பிள்ளைகள் இவற்றை விரும்பிச் செய்கிறார்கள். எனினும், கண்ணால் கண்டதற்கு உடல் அசையத் தொடங்க ஏறத்தாழ 0.2 நொடி ஆகிறது. இந்த அளவைப் பயிற்சியால் பெரிதாகக் குறைத்துவிட முடியாது.

வகுப்பின் உண்மையான பலம் இணைப் பயிற்சியே. பஞ்சு சுற்றிய கம்பால் ஒருவர் தலைக்கோ முழங்காலுக்கோ வீச, மற்றவர் அதைத் தடுக்கவோ காலடி மாற்றி விலகவோ வேண்டும். இவ்விரண்டும் நன்கு பழகிய பிறகே விலாவும் தோளும் இலக்குகளாகச் சேர்க்கப்படுகின்றன. தேர்வுகள் பெருகப் பெருக முடிவெடுக்கும் நேரமும் நீளும் என்பதை உளவியலாளர் ஹிக் 1952-இல் சோதனை வழியே காட்டினார். ஆகவே படிப்படியாகக் கூட்டும் இம்முறை மிகச் சரியானது. அதைவிட முக்கியமாக, கம்பின் நுனியைப் பார்க்கவே ஆசான் அனுமதிப்பதில்லை. நுனி கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் வரும். வீசுபவரின் தோளும் இடுப்புமோ அதற்குச் சற்று முன்னரே திரும்பிவிடும். அத்திருப்பத்தைப் படிக்கக் கற்ற பிள்ளை, அடி புறப்படும்போதே காலை நகர்த்தத் தொடங்குகிறது. என் மகளிடம் நான் கண்ட முன்னேற்றம் முழுவதும் இதனால் வந்ததுதான்.

இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். வேகப் பயிற்சிகள் வகுப்பின் இறுதியில், பிள்ளைகள் களைத்த பின் வைக்கப்படுகின்றன. உடல் தளர்ந்திருக்கையில் மெதுவான அசைவே பழக்கமாகிவிடும் என்பதால், உடலைச் சூடேற்றியவுடன் சில நொடிகள் முழு வேகத்தில் செய்து, மூச்சு சீராகும்வரை ஓய்வெடுத்து, மீண்டும் தொடங்குவதே முறை. இதை ஆசானிடம் தெரிவித்துள்ளேன். மேலும், ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் மிகுவதால் ஒவ்வொரு இணையையும் அவரால் கவனிக்க இயலவில்லை. கற்பித்தலில் எனக்கு முழு நிறைவு உண்டு. சேர்ப்பவர்கள் வார நாள் வகுப்பையே கேட்டுப் பெறுங்கள், பிள்ளையின் நெற்றியளவு உயரமுள்ள கம்போடு தலைக்கவசமும் வாங்கிக் கொடுங்கள்.