ட்ரைபாட் கூடாத தோட்டங்களுக்கு ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் II

கியோட்டோ கோயில் தோட்டங்களைப் படமெடுக்கப் போகிறீர்களா? ட்ரைபாடை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பல கோயில்களில் அதற்கு அனுமதி கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு மரத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிற தோட்டங்கள், உங்கள் இடத்துக்காகப் பின்னால் இன்னும் பத்துப் பேர் காத்திருப்பார்கள். அதனால் கேமரா வாங்கும்போது நான் பார்த்தது இரண்டே விஷயம்: கை நடுக்கத்தைச் சமாளிக்குமா, விமானத்தின் 7 கிலோ கைப்பைக்குள் துணிமணியோடு அடங்குமா.

2021இல் வந்த 50எஸ் IIவை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 51 மெகாபிக்சல், 35 மிமீ ஃபிலிம் அளவான ஃபுல் ஃப்ரேமைவிடப் பரப்பில் ஏறத்தாழ 1.7 மடங்கு பெரிய சென்சார், பாடி மட்டும் 900 கிராம். கூடவே வருகிற 35-70 மிமீ ஜூம் லென்ஸ் 390 கிராம்தான்.

இப்படிப் பெரிய சென்சார் உள்ள மீடியம் ஃபார்மட்டில் தோட்டம் எடுப்பவருக்குப் பெரிய தலைவலி ஆழம், அதாவது முன்னாலிருந்து பின்னால் எதுவரை தெளிவாக விழும் என்பது. முன்னால் இருக்கிற கல்லும் தெளிவாக வேண்டும், பின்னால் இருக்கிற பாசியும் வேண்டும் என்றால் லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப்/11க்குப் போயே ஆக வேண்டும், மர நிழலில் அப்போது ஷட்டர் வேகம் தரைமட்டத்துக்கு வந்துவிடும். டோஃபுகு-ஜி கோயிலின் வடக்குத் தோட்டத்தில் இதைச் சோதித்துப் பார்த்தேன். 1939இல் தோட்டக் கலைஞர் ஷிகெமோரி மிரெய் அமைத்தது, சதுரக் கல்லும் பாசியும் சதுரங்கப் பலகை மாதிரி மாறி மாறி வந்து, போகப் போகக் கட்டங்கள் சிதறிப் பாசிக்குள் கரைந்துவிடும். எஃப்/11, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 400, 1/15 நொடி, கையில் பிடித்தே எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் கல்லின் ஓரத்துச் சொரசொரப்பு வரை இருக்கிறது. பாடிக்குள் இருந்து கை நடுக்கத்தைத் தாங்கும் ஸ்டெபிலைசர் இல்லாமல் இது நடந்திருக்காது. (காற்றடித்தால் அதுவும் உதவாது, இலை அசையத்தான் செய்யும்.) மடக்குத் திரையும் பெரிய வசதி, மடியில் வைத்துக் குனிந்து பார்த்தே எடுக்கலாம்.

ரியோவான்-ஜி கோயிலின் கல் தோட்டத்தில் 15 கற்கள், திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாவது மறைந்துகொள்ளும். கேமராவில் இருக்கும் 65:24 அகலச் சட்டம் அந்த இடத்துக்கென்றே செய்தது போல இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. ஆட்டோஃபோகஸ் பழைய கான்ட்ராஸ்ட் முறை, நிதானம்தான். குளத்துக் கோய் மீன்களை மறந்துவிடுங்கள். 35-70ஐத் திருகி நீட்டினால்தான் படம் எடுக்கும், நான் மறந்துபோய் அசடு வழிந்தது எத்தனையோ தடவை. பின்னணி குழைய வேண்டும் என்பவர்களுக்கும் இந்த லென்ஸ் ஒத்துவராது.

சரி, நெருக்கத்தில் எடுப்பதற்கான 120 மிமீ மேக்ரோ லென்ஸ்? படம் என்றால் அப்படி ஒரு படம். மழை விட்டதும் பாசியிலிருந்து மயிரிழையாக எழும்பி நிற்கும் காம்புகளின் நுனியில் ஒவ்வொரு துளியும் தனியாகத் தெரியும். ஆனால் 980 கிராம். முதல் நாள் தூக்கிக்கொண்டு அலைந்தேன், இரண்டாம் நாள் அது அறையிலேயே தூங்கியது. முன்பதிவு செய்து சைஹோ-ஜி கோயிலுக்குப் போகிற அன்றைக்கு மட்டும் மறுபடி எடுத்தேன், அந்தப் பாசித் தோட்டத்துக்கு அது தகும்.

இப்போது 735 கிராமில் ஜிஎஃப்எக்ஸ் 100ஆர்எஃப் கேமரா வந்திருக்கிறது, ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் பாடியில் ஸ்டெபிலைசர் இல்லை, லென்ஸிலும் இல்லை, எனக்கு வேண்டாம். ஃபிலிம் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய ஹாசல்பிளாட் ஃபிலிம் கேமராவில் ரோலுக்கு 12 படம், அப்புறம் விமான நிலையத்தில் ஃபிலிமைக் கெடுத்துவிடும் சிடி ஸ்கேனரிடம் அதைக் காட்டாமல் கையில் கொடுத்துக் கெஞ்ச வேண்டும்.

மிச்சமிருக்கும் காசில் 35-70 லென்ஸுக்கு 62 மிமீ போலரைசர் ஃபில்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஈரப் பாசிமேல் படிந்திருக்கும் வெள்ளைப் பளபளப்பு அதைத் திருப்பத் திருப்ப விலகி, அடியில் இருக்கும் பச்சை மேலே வரும். வெளிச்சம் ஒன்றரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) குறையும், ஐஎஸ்ஓவைத் தயங்காமல் ஏற்றிவிடுங்கள்.