ரிவெர்ப் பிளகின்: காசு எங்கே தேவைப்படுகிறது?

பதிவு செய்த ஒலிக்கு அறை, மண்டபம் போன்ற இடத்தின் முழக்கத்தைச் சேர்க்கும் மென்பொருள்தான் ரிவெர்ப் பிளகின். வல்ஹல்லா டிஎஸ்பி நிறுவனத்தின் சூப்பர்மாசிவ் 2020-இல் வெளியானது, முழுக்க இலவசம். அதே நிறுவனத்தின் விண்டேஜ்வெர்ப் 50 டாலர். இரண்டையும் ஒரே வோக்கலுக்கும் (பாடிய குரல்) ஒரே ஸ்னேருக்கும் (ட்ரம்ஸின் கூர்மையான அடி) மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டால், காசு எதற்காக என்பது பிடிபட்டுவிடும்.

பேட் (நீண்டு ஒலிக்கும் சிந்தசைசர் ஒலி), புல்லாங்குழல், வரி முடிவில் இழுக்கும் குரல் என ரிவெர்ப்பின் வால் நீள வேண்டிய இடங்களில் சூப்பர்மாசிவ் போதும். மோடை சென்டாரஸில் வைத்து வார்ப், டென்சிட்டி என்ற இரண்டு குமிழ்களையும் ஏற்றினால், எதிரொலியாகக் கேட்டது பெரிய மண்டபமாக மாறுகிறது. இந்த வேலைக்கு வேறொன்று வாங்கவே வேண்டாம்.

ஸ்னேரில் கதை வேறு. சூப்பர்மாசிவின் பல மோடுகளில் ரிவெர்ப் மெதுவாகத்தான் எழும்பும். அடி விழுந்து முடிந்த பிறகு ஒலி வீங்கி வரும். ஜெமினி மோடு வேகமாக எழும்பும் என்றாலும், சின்ன அறையின் உணர்வு கிடைப்பதில்லை. குட்டை ரிவெர்ப்தான் செய்யக் கடினமானது. சில பத்து மில்லிசெகண்டுக்குள் பிரதிபலிப்புகள் நெருங்கி அடர வேண்டும். அடராவிட்டால் கரகரப்பு கேட்கும், அல்லது தகரத்தைத் தட்டியது போல ஒரு சுருதி ஒட்டிக்கொள்ளும்.

எந்த பிளகினையும் இப்படிச் சோதிக்கலாம்: ஒரே ஒரு ரிம்ஷாட் (ஸ்னேரின் விளிம்போடு சேர்த்து அடிப்பது), ரிவெர்ப் செண்டில் (ஒலியின் நகலை ரிவெர்ப்புக்கு அனுப்பும் தனி வழி), மிக்ஸ் 100%, டிகே (வால் அடங்கும் நேரம்) 0.7 நொடி, ஹெட்ஃபோனில் கேளுங்கள். வாலில் 'டிங்' என்று ஒரு சுருதி நின்றால் தாளக்கருவிக்கு அது ஆகாது. அடுத்து, 'ஸ' நிறைய வரும் வரியைப் பாடிய வோக்கல். 'ஸ்ஸ்' மட்டும் துருத்திக்கொண்டு தெறித்தால் மேல் அலைவரிசைகளை வெட்டும் 'ஹை கட்' அளவை 6 கிலோஹெர்ட்ஸ் வரை இறக்குங்கள். அப்படியும் அடங்காவிட்டால் செண்டில் ரிவெர்ப்புக்கு முன்னால் 'ஸ்ஸ்' ஒலியை அடக்கும் ஒரு டிஎஸ்ஸர் போடுங்கள்.

இலவசத்தில் குட்டை ரிவெர்ப்புக்கு முதலில் பார்க்க வேண்டியது டிராகன்ஃப்ளை. ஓப்பன் சோர்ஸ், ஹால், ரூம், பிளேட், ஏர்லி ரிஃப்ளெக்‌ஷன்ஸ் என்று நான்கு தனி பிளகின்கள், லினக்ஸிலும் ஓடும். பிளேட்டில் (அதிரும் உலோகத் தகட்டின் சாயல்) மூன்று அல்காரிதம் இருப்பதால் மூன்றையும் மாற்றிக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

விண்டேஜ்வெர்ப் ஜெயிப்பது வேலையைச் சீக்கிரம் முடித்துத் தருவதில். அதன் கலர் என்ற தேர்வை 1970s-க்கு மாற்றினால் மேல் அலைவரிசைகள் சுமார் 10 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பளபளப்பான குரலுக்குப் பின்னால் ரிவெர்ப் தானாகவே ஒதுங்கி உட்காரும். வோக்கலுக்குத் தொடக்கமாக: பிளேட், டிகே 1.4 நொடி, லோ கட் 300 ஹெர்ட்ஸ். ப்ரீடிலேக்கு (ரிவெர்ப் தொடங்கும் முன் விடும் இடைவெளி) 60,000-ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை தாளம்) வகுத்து, வருவதில் பதினாறில் ஒரு பங்கு. 90 பிபிஎம் என்றால் சுமார் 42 மில்லிசெகண்ட். ப்ரீடிலே பூஜ்யத்தில் இருந்தால் சொற்களின் முதல் எழுத்தே மங்கிவிடும்.

நிஜ இடத்தின் முழக்கத்தைப் பதிந்த இம்பல்ஸ் கோப்பை வைத்து இயங்கும் கன்வல்யூஷன் வகைக்கு அவசரப்பட்டுக் காசு கொடுக்காதீர்கள். ரீப்பர், லாஜிக் என்ற பதிவு மென்பொருள்களில் முதலாவதோடு ரியாவெர்ப், அடுத்ததோடு ஸ்பேஸ் டிசைனர் வந்துவிடுகிறது. கணக்கு எல்லாவற்றிலும் ஒன்றுதான். தரம் இருப்பது அந்த இம்பல்ஸ் கோப்பில். நல்ல பதிவுகளைத் தேடி எடுப்பதுதான் இங்கே வேலை.

ஃபேப்ஃபில்டர் ப்ரோ-ஆர் 2 விலை அதிகம், ஆனால் அதன் டிகே ரேட் ஈக்யூ அசலான வசதி. சாதாரண ஈக்யூ (அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் கருவி) 200 ஹெர்ட்ஸின் சத்தத்தைத்தான் குறைக்கும். இது அந்தப் பகுதியின் வாலையே குட்டையாக்கும். தினமும் மிக்ஸ் செய்து சம்பாதிப்பவர்களுக்கு அது வீண்செலவு இல்லை.

வாங்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: ஒவ்வொரு ட்ராக்கிலும் தனித்தனியாக ரிவெர்ப் போட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் மிக்ஸ் சேறு போலக் கலங்கிக் கேட்பது பிளகினால் அல்ல. குட்டை ஒன்று, நீளம் ஒன்று என இரண்டே செண்ட் வைத்து, இரண்டிலும் அடிப்பகுதியை வெட்டி, மோனோவில் ஒருமுறை கேளுங்கள். மோனோவில் ரிவெர்ப் காணாமல் போனால் 'வித்த்' (இட-வல அகலம்) அளவைக் குறையுங்கள். அதற்குப் பிறகும் ஸ்னேர் தகரமாகவே ஒலித்தால், விண்டேஜ்வெர்ப் டெமோவை இறக்கிப் பாருங்கள். இடையிடையே ஒலி சற்று நின்றுபோகும், அவ்வளவுதான். வல்ஹல்லா தள்ளுபடி விற்பனை நடத்துவதில்லை என்பதால், பிடித்தால் விலை இறங்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.